வெள்ளத்தில் நெல்: அடக்கும் சப்-1ஏ, உயர்த்தும் ஸ்நார்கெல்

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தான் என்றாலும், நுனி இலை வரை மூழ்கிவிட்டால் உயர் விளைச்சல் ரகங்களில் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை. இதற்கு நெல் இனத்துக்குள்ளேயே நேரெதிரான இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ ரகத்திலிருந்து 2006-இல் அடையாளம் காணப்பட்ட சப்-1ஏ மரபணு. மற்றொன்று, மாதக்கணக்கில் ஆழமான நீர் நிற்கும் நிலங்களில் விளையும் ஆழ்நீர் நெல்லில் 2009-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த ஸ்நார்கெல்-1, ஸ்நார்கெல்-2 மரபணுக்கள்.

இவை மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பிற மரபணுக்களின் இயக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல புரதங்களை உருவாக்குவதே இவற்றின் வேலை. இவற்றைத் தூண்டுவதும் எத்திலீன் என்ற ஒரே வாயுதான். செடியில் எப்போதும் சிறிதளவு உண்டாகிக் காற்றில் கலந்துவிடும் இந்த வாயு, செடி மூழ்கியதும் வெளியேற வழியின்றித் திசுக்களிலேயே தேங்குகிறது. அந்த ஒரே சமிக்ஞையைக் கேட்டு ஒரு மரபணு செடியை அடங்கச் சொல்கிறது, மற்றவை எழச் சொல்கின்றன.

சாதாரண ரகங்களில் எத்திலீன் தேங்கியதும் செடியை நீளவைக்கும் ஜிப்பரெல்லின் ஹார்மோனின் கை ஓங்கி, இலைகள் நீர்மட்டத்தை எட்டிப்பிடிக்க நீள்கின்றன. சேமித்து வைத்த மாவுப்பொருள் அந்த ஓட்டத்திலேயே தீர்ந்துபோவதால், வெள்ளம் வடிந்தபின் துளிர்விடச் செடியிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. சப்-1ஏ குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். ஜிப்பரெல்லினின் கட்டளைக்குத் தடைபோடும் எஸ்.எல்.ஆர்.-1, எஸ்.எல்.ஆர்.எல்.-1 ஆகிய புரதங்களின் அளவை அது உயர்த்த, நீட்சி நின்று மாவுப்பொருள் சேமிப்பிலேயே இருக்கிறது. செடி ஏறக்குறைய இரண்டு வாரம் நீருக்கடியில் கிடந்து பின்னர் தழைக்கிறது. நீர் வடிந்ததும் திடீரென வெயில் படும்போது இலைகள் வறண்டுபோவதையும் இதே மரபணு ஓரளவு தடுக்கிறது என்பது கூடுதல் ஆதாயம்.

ஸ்நார்கெல் மரபணுக்களோ ஜிப்பரெல்லினை ஊக்குவிக்கின்றன. கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப்பகுதி ஒரே நாளில் 20 முதல் 25 செ.மீ. வரை நீண்டு, இலைநுனி நீருக்கு மேலே வந்துவிடுகிறது. உள்ளே குழலாக இருக்கும் தண்டு வழியே காற்று வேர்வரை இறங்குகிறது. இந்த நீட்சியில் எஸ்.டி.-1 என்ற மரபணுவுக்கும் பங்கு உண்டு என்பது 2018-இல் தெரியவந்தது. பசுமைப் புரட்சியின் ஐ.ஆர். 8 ரகத்தைக் குட்டையாக்கியது இதே மரபணுவின் பழுதுபட்ட வடிவம்தான். நாம் குட்டையாக்கப் பழுதடைந்த வடிவத்தைத் தேடிய அதே மரபணுவை, ஆழ்நீர் நெல் வளர்வதற்காக முடுக்கிவிடுகிறது.

இரண்டில் எது மேல் என்று பொதுப்படக் கேட்பதில் பொருளில்லை. வெள்ளம் எத்தனை நாள் நிற்கும் என்பதே முடிவு செய்யும். வங்கதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் பல மீட்டர் நீர் நிற்கும் சமவெளிகளில் இரண்டு வாரம் அடங்கிக் கிடப்பதால் பயனில்லை, எழுந்தாக வேண்டும். ஆனால் ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும் வெள்ளத்தில், நெடிதுயர்ந்த தண்டு நீர் இறங்கியதும் சாய்ந்துவிடும். அத்தகைய வயல்களே இந்தியாவில் மிகுதி என்பதால் என் தேர்வு சப்-1ஏ. வளர்ப்பாளருக்கும் அதுவே எளிது. வேண்டிய மரபணு வந்திருக்கிறதா என்று காட்டும் மூலக்கூறு குறியீடுகளின் துணையோடு, ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதியை மட்டும் விரும்பிய ரகத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஸ்வர்ணா ரகத்தில் இப்படிச் சப்-1ஏ சேர்த்து 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட ஸ்வர்ணா சப்-1, வெள்ளம் வராத ஆண்டிலும் ஸ்வர்ணாவைப் போலவே விளைகிறது. ஆழ்நீர் நெல்லின் முழு நீட்சியைப் பெறவோ 1, 3, 12 ஆகிய மூன்று குரோமோசோம்களின் பகுதிகளையும் சேர்த்தாக வேண்டும்.

எனினும் சப்-1ஏ எல்லா வெள்ளத்துக்கும் மருந்தன்று. அரையடி, ஓரடி நீர் மாதக்கணக்கில் தேங்கினால் அது உதவாது. கலங்கிய நீரில் ஒளி புகாததால் பிழைக்கும் செடிகளும் குறையும். காவிரி டெல்டாவில், இதே மரபணுவைக் கொண்ட சி.ஆர். 1009 சப்-1 ரகத்தை நேரடி விதைப்பு செய்வோர் கவனிக்க வேண்டியது வேறொன்று: முளைக்கும் பருவத்தில் மழைநீர் தேங்கினால் இந்த மரபணு விதையைக் காப்பாற்றாது. அதற்கான திறன், மியான்மரின் காவ் ஹ்லான் ஆன் ரகத்தில் கண்டறியப்பட்ட டி.பி.பி.-7 என்ற வேறொரு மரபணுவிடம் இருக்கிறது. நீருக்கடியிலும் முளைக்குருத்துக்குச் சர்க்கரை போய்ச்சேர அது வழிசெய்கிறது. இரண்டும் வெவ்வேறு பருவத்தில் வேலை செய்வதால் ஒன்றுக்கொன்று இடையூறில்லை. இந்தோனேசியாவின் சிஹெராங் ரகத்தில் இரண்டையும் ஏற்கெனவே சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள்.