நாகர்கோவிலில் வாங்கிய செல் மாதிரிகள்: விலங்கு செல் தேறியது, தாவர செல் தேறவில்லை

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் பள்ளிக்காக, நாகர்கோவிலில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் இரண்டு செல் மாதிரிகளை வாங்கினோம். ஒன்று விலங்கு செல், மற்றொன்று தாவர செல். இரண்டும் ஃபைபரில் வார்த்து, வண்ணம் பூசி, பிளைவுட் பலகையில் திருகாணியால் இறுக்கப்பட்டவை. பாகங்களில் எண்கள் ஒட்டப்பட்டுள்ளன. அந்த எண்களுக்குரிய பெயர்களை அச்சிட்ட தாளும் உடன் வருகிறது. பெட்டியில் தயாரிப்பாளரின் பெயர் இல்லை. ஒரு கல்வியாண்டு முழுவதும் வகுப்பில் வைத்துப் பாடம் நடத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். விலங்கு செல் மாதிரி கொடுத்த பணத்துக்குத் தகும். தாவர செல் மாதிரியை இப்போதுள்ள வடிவில் யாரும் வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

விலங்கு செல் மாதிரியில் என்னை முதலில் கவர்ந்தது உட்கரு. அதன் மேல் பாதியைக் கழற்றி எடுக்கலாம். வெட்டுமுகத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்த்தால், உட்கரு உறை ஒற்றைக் கோடாக இல்லாமல், நடுவே மெல்லிய இடைவெளி விட்ட இரண்டு படலங்களாக வார்க்கப்பட்டிருப்பது தெரிகிறது. துளைகளின் விளிம்பில் அவ்விரு படலங்களும் வளைந்து ஒன்றோடொன்று இணைகின்றன. வகுப்பறைச் சுவரில் தொங்கும் படங்களில் இந்த நுணுக்கம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியின் செல்களில் உட்கருவைக் கவனித்து எழுதியபோது அவர் கண்டது ஒரு மங்கலான வட்டத்தைத்தான். உறையில் துளைகள் உண்டு என்று காட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ வெளியேறுவதும், டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் போன்ற புரதங்கள் உள்ளே வருவதும், புரதம் செய்யும் துகளான ரைபோசோமின் 60எஸ், 40எஸ் துணை அலகுகள் உட்கருவுக்குள் உள்ள உட்கருமணியில் உருவாகி, தனித்தனியே வெளியே வந்து, உட்கருவைச் சூழ்ந்த சைட்டோபிளாசத்தில் 80எஸ் ரைபோசோமாக ஒன்றுசேர்வதும் இந்தத் துளைகளின் வழியே நடக்கின்றன என்பதைக் கையால் தொட்டுக் காட்டி நடத்த முடிகிறது. அறுபதும் நாற்பதும் சேர்ந்து எண்பது ஆவது எப்படி என்று ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பார். எஸ் என்பது எடையின் அளவு அன்று, மையவிலக்கியில் துகள் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்பதன் அளவு. ஆகவே அதைக் கூட்டிப் பார்க்க இயலாது.

உட்கரு உறையின் வெளிப்படலம் அறுபடாமல் அப்படியே நீண்டு, ரைபோசோம்கள் ஒட்டிய படலப் பின்னலான சொரசொரப்பான எண்டோபிளாச வலையாக மடிவதையும் இம்மாதிரியில் சரியாகச் செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே நீல வண்ணம் பூசியிருப்பது நல்ல முடிவு. எண்டோபிளாச வலையைத் தனியே மிதக்கும் உறுப்பாகப் படித்துவைத்திருந்த மாணவர்கள், உட்கருவிலிருந்து விரலை எடுக்காமல் வலை வரைக்கும் நகர்த்திப் பார்த்த பிறகு அதை மறப்பதில்லை.

ஆனால் அடுத்த உறுப்பிலேயே பெரிய பிழை இருக்கிறது. புரதங்களைப் பைகளில் அடைத்து அனுப்பும் கோல்கை உறுப்பைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். அதன் குவிந்த முகம் எண்டோபிளாச வலையைப் பார்த்தும், குழிந்த முகம் செல் சவ்வைப் பார்த்தும் இருக்க வேண்டும். இங்கே குழிந்த முகமும் அதிலிருந்து பிரியும் சிறு பைகளும் உட்கருவை நோக்கியிருப்பதால், செல்லுக்கு வெளியே போக வேண்டிய சரக்கு உட்கருவுக்குத் திரும்புவதாகப் பொருள்படுகிறது. இதைச் சிறு குறை என்று விட்டுவிட முடியாது. கணையத்தின் பீட்டா செல்லில் உருவாகும் இன்சுலினின் முன்வடிவம் சொரசொரப்பான வலையில் தொடங்கி, கோல்கையின் ஒரு முகத்தில் நுழைந்து, மறுமுகத்தில் பைகளில் அடைக்கப்பட்டு, செல் சவ்வுக்குச் செல்கிறது. இந்தத் திசையைத்தான் அப்பாடம் முழுவதும் கற்பிக்கிறது. 1898இல் கமிலோ கோல்கை வெள்ளிச் சாயமேற்றி நரம்பு செல்களில் இந்த உறுப்பைக் கண்டார். அது உண்மையான உறுப்பா, சாயத்தால் விளைந்த தோற்றமா என்ற ஐயம் எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை பல பத்தாண்டுகள் நீடித்தது. புரதம் செல்லுக்குள் பயணப்படும் வழியை ஜார்ஜ் பலாடே கணையச் செல்களைக் கொண்டு நிறுவினார். செல்லின் அமைப்பு, செயல்பாடு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1974ஆம் ஆண்டு நோபல் பரிசை ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டுவ் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். அவ்வளவு பாடுபட்டுக் கண்ட திசையை ஒட்டும் பசை மாற்றிவிடக் கூடாது. நாங்கள் அந்த உறுப்பைக் கத்தியால் பெயர்த்து, திருப்பி ஒட்டிவிட்டோம். கடினமான வேலை அன்று.

மைட்டோகாண்ட்ரியாவின் வெட்டுமுகம் அருமையாக அமைந்திருக்கிறது. வெளிப்படலம் ஒரு நிறம், உட்படலம் வேறொரு நிறம்; உட்படலத்தின் மடிப்புகள் வெறும் கோடுகளாக இல்லாமல் புடைப்பாக நிற்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி உருவாகும் இடம் அந்த மடிப்புகளின் பரப்பு என்பதையும், மடிப்பு மிகுந்தால் பரப்பு மிகும் என்பதையும் விளக்க வேறு படம் தேவைப்படவில்லை. செல் பிரிதலில் உதவும் சிறு உருளைகளான சென்ட்ரியோல்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்டு, முனைகளில் மும்மூன்றாக ஒன்பது தொகுதி நுண்குழல்கள் செதுக்கப்பட்டுள்ளன. செல்லின் கழிவைச் செரிக்கும் லைசோசோம்கள் ஊதா நிற உருண்டைகள். அவற்றில் சொல்ல ஒன்றும் இல்லை.

அளவு விகிதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இம்மாதிரியின் குறுக்களவு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு விலங்கு செல்லாக இதைக் கொண்டால், 20,000 மடங்கு பெரிதாக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் 7 முதல் 8 நானோமீட்டர் தடிப்புள்ள செல் சவ்வு 0.15 மில்லிமீட்டராக, அதாவது மெல்லிய அட்டையின் தடிப்பில் இருக்க வேண்டும். மாதிரியில் அது 5 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. 25 நானோமீட்டர் அளவுள்ள ரைபோசோம் அரை மில்லிமீட்டர் புள்ளியாகத் தெரிய வேண்டும். இங்கே 2 மில்லிமீட்டர் மணிகளாக ஒட்டியிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் 1 முதல் 2 சென்டிமீட்டர் போதும். இதில் 4 சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிதாக்கியதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விகிதம் மாற்றப்பட்டிருக்கிறது என்ற ஒரு வரியைப் பெயர்த் தாளில் சேர்த்திருக்க வேண்டும். பதினோராம் வகுப்பில் இந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொன்னேன். நானோமீட்டரும் மைக்ரோமீட்டரும் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பிடிபட்டன.

விகிதத்தைவிட என்னை அதிகம் வருத்துவது சைட்டோபிளாசம். உறுப்புகளுக்கு இடைப்பட்ட இடம் முழுவதும் வழுவழுப்பான மஞ்சள் வண்ணப் பூச்சாக விடப்பட்டிருக்கிறது. உண்மையில் அந்த இடம் புரதங்களால் நெருக்கமாக நிறைந்தது. நுண்குழல்களும் நுண்ணிழைகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, செல்லுக்கு வடிவம் தருகின்றன, உறுப்புகளை இடத்தில் நிறுத்துகின்றன. கோல்கையிலிருந்து கிளம்பும் பைகளைக் கைனெசின் போன்ற இயக்கப் புரதங்கள் இந்த நுண்குழல்களின் மேல்தான் இழுத்துச் செல்கின்றன. செல் சட்டகம் இல்லாத மாதிரியைப் பார்க்கும் பிள்ளைகள், உறுப்புகள் நீரில் மிதப்பதாகவே எண்ணிக்கொள்வார்கள். நாங்கள் தையல் நூலைச் சென்ட்ரியோல் அருகிலிருந்து விளிம்பு வரை ஒட்டி ஓரளவு சரிசெய்தோம். நுண்குழலின் விட்டமும் 25 நானோமீட்டர்தான் என்பதால், நூலின் தடிப்பு மாதிரியின் விகிதத்துக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது.

தாவர செல் மாதிரிக்கு வருகிறேன். ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தின் வெட்டுமுகத்தில் கிரானா எனப்படும் தட்டு அடுக்குகள் நன்றாகத் தெரிகின்றன. சென்ட்ரியோல் சேர்க்காததும் சரியே. மற்றவற்றைப் பாராட்ட முடியவில்லை. முதிர்ந்த தாவர செல்லில் 80 முதல் 90 விழுக்காடு கொள்ளளவை, நீர் நிறைந்த பையான மைய வாக்குவோல் நிரப்பி, உட்கருவையும் பசுங்கணிகங்களையும் விளிம்புக்குத் தள்ளிவிடும். இம்மாதிரியிலோ உட்கரு நட்டநடுவே அமர்ந்திருக்க, வாக்குவோல் ஒரு மூலையில் சிறு நீலத் திட்டாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நீர் குறைந்தால் இலை ஏன் துவள்கிறது என்பதை இதை வைத்து விளக்கவே முடியாது. அடுத்த செல்லோடு தொடர்பு தரும் பிளாஸ்மோடெஸ்மாட்டா செல் சுவரில் ஒன்றுகூட இல்லை.

குலசேகரம் பக்கமிருந்து வரும் மாணவி ஒருவர், அவருடைய தந்தை அதிகாலையில் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி, "சாரே, ரப்பர் பால் இதுல எந்தப் பாகம்?" என்று கேட்டார். ரப்பர் விளையும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி அது. ரப்பர் மரப்பட்டையில் செல்கள் வரிசையாக இணைந்து, இடைச்சுவர்கள் கரைந்து, பால் குழாய்களாகின்றன. வெட்டும்போது வடிகிற பால் அக்குழாய்களின் சைட்டோபிளாசமேதான். ரப்பர் துகள்களும் லூட்டாய்டு எனப்படும் சிறு வாக்குவோல்களும் வெளியே வந்துவிட, உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் சுவரோரம் தங்கிவிடுவதால் பால் மீண்டும் ஊறுகிறது. லூட்டாய்டுகள் உடைந்து பாலை உறையவைப்பதால் வெட்டுவாய் அடைபடுகிறது. மஞ்சள் பூச்சைக் காட்டி இதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு மனநிறைவாக இல்லை.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை, ஃபைபர் வார்ப்பு உறுதியாக இருக்கிறது, பலகைதான் பலவீனம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தின் ஈரத்தில் பிளைவுட்டின் விளிம்பு உப்பியது, திருகாணிகள் துருப்பிடித்தன, எண் ஒட்டிகள் சில உதிர்ந்தன. வாங்கியவுடன் விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசிவிடுவது நல்லது. பெட்டியில் பெயர்த் தாள் ஒன்று விடுபட்டிருந்தது. கேட்டதும் கடையில் கொடுத்துவிட்டார்கள். கோல்கை பற்றிச் சொன்னபோது, எல்லாப் பெட்டியும் இப்படித்தான் வருகிறது என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இரண்டும் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் அடங்கின. விலங்கு செல்லை மட்டும் தனியாகவும் தருகிறார்கள். தாவர செல்லுக்குச் செலவிடும் பணத்தில் நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தகடுகளும் அயோடினும் வாங்கிக்கொள்ளலாம். வெங்காயத் தோலை உரித்து அயோடின் சொட்டுவிட்டுப் பார்த்தால் செல் சுவரும் விளிம்போர உட்கருவும் தெரியும். குளத்து ஹைட்ரில்லா இலை ஒன்றை நீர்த்துளியில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், பசுங்கணிகங்கள் வாக்குவோலைச் சுற்றி விளிம்போரமாக நகர்வதைப் பிள்ளைகள் நேரிலேயே பார்த்துவிடுவார்கள்.