ஸின்ஸ்ஹைம் ஸ்டேடியம்: சீசன் டிக்கெட் எடுக்கலாமா?

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்குக்குக் குடிவந்திருக்கும் நண்பர் ஒருவர், ஸின்ஸ்ஹைம் ஸ்டேடியத்தில் ஆடும் ஹோஃபன்ஹைம் கால்பந்து அணிக்கு சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டார். பல வருடங்களாகப் போய்வருகிற இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. பெர்லின் ஒலிம்பிக் மைதானம் மாதிரி நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் கிடையாது. கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக் கத்துவது முன்வரிசைகளுக்குக் காதில் விழும். மேல்வரிசையில் இருந்தாலும் பந்து யார் காலில் என்று தேட வேண்டியதில்லை. 2011 மகளிர் உலகக் கோப்பையில் ஸ்வீடன் பிரான்ஸை 2-1 என வென்று மூன்றாம் இடம் பிடித்தது இங்கேதான். 2013இல் எதிரணியான லெவர்குசனின் வீரர் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, பக்கவாட்டு வலைக் கிழிசல் வழியாக உள்ளே போய் கோலாக எண்ணப்பட்டதும் இங்கேதான். அந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் எரிச்சலெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான். ஸின்ஸ்ஹைம் ஊரில் இருப்பவர்களே சுமார் 35,000 பேர். அரங்கு கொள்வது 30,150. 2009 ஜனவரியில் திறந்த இந்த அரங்கை ஊருக்கு வெளியே, ஏ6 நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டினார்கள். கடைசி விசில் ஊதியதும் மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கிளம்பும். காரில் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். எஸ்-பான் ரயிலுக்குப் போகிறவர்கள், தொழில்நுட்ப மியூசியத்தின் கூரைமேல் நிற்கும் கான்கார்டு, டுபோலெவ் விமானங்களைப் பார்த்தபடி நிலையம்வரை நடக்க வேண்டும். நடைமேடையில் நெரிசல். வண்டியில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குக் காத்திருக்க வேண்டும். வார நாள் இரவு ஆட்டம் என்றால் மறுநாள் வேலையும் கெடும்.

வேறு வழியில்லாமல்தான் கட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஹோஃபன்ஹைம் 3,000 சொச்சம் பேர் வாழும் கிராமம், பழைய மைதானத்தில் 6,000 பேருக்குச் சற்று மேல்தான் கொள்ளும். 2008இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லிகாவுக்கு அணி வந்தபோது முதல் பாதி சீசனை மான்ஹைமில் ஆட வேண்டியிருந்தது. எல்லாம் அணிக்குப் பணம் கொடுத்த எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான டீட்மார் ஹோப்பின் பணம் என்று மற்ற அணி ரசிகர்கள் திட்டுவார்கள். அந்தப் பணம் இல்லாமல் இந்த ஊருக்கு இப்படியோர் அரங்கு வந்திருக்காது.

சரி, டிக்கெட்? போன ஆட்டம் முடிந்து நடுநிசிக்கு வீடு சேர்ந்த கோபம் இன்னும் இருக்கிறது. எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். சனிக்கிழமை மதிய ஆட்டங்களாகப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குங்கள். பாட்டும் கொடியும் வேண்டுமானால் தெற்குப் பக்க நிற்குமிடம்.