செப்பாங் வெயில்ல ஜிடி3, ஜிடி-ஆர், எம்2, ஜிஆர்86: ட்ராக் டேக்கு எது தாங்கும்?

முதல்லயே முடிவ சொல்லிடறேன், காரணம் வேணும்ங்கறவங்க கீழ படிங்க. பணம் ஒரு விஷயமே இல்லன்னா போர்ஷ 911 ஜிடி3, வேற பேச்சே கிடையாது. சம்பளத்துல எடுத்து வெச்சு அடிக்கடி ட்ராக் டே (சொந்த கார ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்கற நாள்) போகணும்னா டொயோட்டா ஜிஆர்86. நிசான் ஜிடி-ஆரும் பிஎம்டபிள்யூ எம்2வும் பயங்கர வேகம், ரெண்டுலயும் ஒரு லேப் (ட்ராக்க ஒரு சுத்து) ஓட்டிட்டு இறங்குனா இதுதான் பெஸ்ட்டுனு சத்தியமே பண்ணலாம், ஆனா ட்ராக் டேங்கறது ஒரு லேப் இல்ல, இருபது நிமிஷ செஷன், திரும்பத் திரும்ப, கொளுத்துற வெயில்ல.

யூட்யூப்ல வர்ற கம்பேரிசன் பூரா ஜீரோ டு ஹண்ட்ரட், ஹார்ஸ்பவர், பெஸ்ட் லேப் டைம், இதோட முடிஞ்சிடுது. அஞ்சாவது லேப்ல பிரேக் பெடல் எப்படி இருந்துச்சு, டயர் என்னாச்சு, ஆயில் டெம்பரேச்சர் எவ்வளவு ஏறுச்சுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கு அதுதான் முக்கியம். அதனால நண்பர்கள் கார், தெரிஞ்ச ஒரு அண்ணனோட கார்னு வாங்கி நாலையும் ஒரே ட்ராக்ல ஓட்டிப் பாத்து எழுதறேன்.

ட்ராக் பத்தி கொஞ்சம். செப்பாங் கோலாலம்பூர் ஏர்போர்ட் பக்கத்துல இருக்கு, 5.543 கிமீ, 15 டர்ன், 1999ல இருந்து 2017 வரைக்கும் எஃப்1 நடந்த இடம். அகலமான ட்ராக், ரன்ஆஃப் (ட்ராக்க விட்டு வெளிய போனா கார் நிக்கறதுக்கான இடம்) தாராளம், அதனால புதுசா வர்றவங்களுக்கும் பயம் கம்மி. ஆனா பிரேக்குக்கு இது கொடுமையான ட்ராக். பேக் ஸ்ட்ரெயிட்டும் பிட் ஸ்ட்ரெயிட்டும் பக்கத்து பக்கத்துல, நடுவுல டர்ன் 15 ஹேர்பின் (யூ-டர்ன் மாதிரி வளைவு), ஃபுல் ஸ்பீடுல வந்து நச்சுனு பிரேக் அடிச்சு திரும்பி மறுபடி ஃபுல் த்ராட்டில், அந்த சூடு ஆறி முடியறதுக்குள்ள டர்ன் 1க்கு மறுபடி அதே மாதிரி அடி. மதியம் தார் 50 டிகிரிய தாண்டிடும், பிட்ல நின்னாலே ஷூ வழியா சூடு தெரியும்.

இங்கதான் வெயிட் கணக்கு வருது. ஜிடி-ஆர் 1,770 கிலோ சுமார், ஜிஆர்86 1,270 கிலோ சுமார். ஸ்ட்ரெயிட் கடைசில ஜிடி-ஆர் 240ல வருதுன்னு வைங்க, ஜிஆர்86 190ல வருது. வேகம் கூடுனா எனர்ஜி வர்க்கத்துல கூடும், கணக்கு போட்டுப் பாத்தா ஜிடி-ஆர் பிரேக் ஒவ்வொரு தடவையும் ரெண்டு மடங்குக்கு மேல சூட்ட முழுங்கணும். டிஸ்க் பெருசுதான், முன்னாடி 390 மிமீ, ஆறு பிஸ்டன் காலிப்பர் (பேட வெச்சு டிஸ்க்க அமுக்கற பாகம்), ஆனா அந்த சூடு எங்கயாவது போய்த்தானே ஆகணும்.

ஜிடி-ஆர்ல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா சின்ன வயசுல இருந்து ஆசப்பட்ட கார் அது. 2007ல வந்த ஆர்35, 2025ல தயாரிப்ப நிறுத்திட்டாங்க, இனி புதுசா கிடைக்காது. 3.8 லிட்டர் ட்வின் டர்போ வி6, கடைசி வெர்ஷன்கள் 570 பிஎஸ், ஃபோர் வீல் ட்ரைவ். டர்ன் 15 முடிஞ்சு த்ராட்டில மிதிக்கறப்போ மத்த கார்ல பின்னாடி டயர் நழுவுமோன்னு ஒரு யோசனை இருக்கும், இதுல அந்த யோசனையே வேண்டாம், ஸ்டியரிங் நேராகுறதுக்கு முன்னாடியே முழுசா மிதிக்கலாம், கார் அப்படியே பிடிச்சு இழுத்துட்டு போயிடும். ஆனா ரெண்டு மூணு லேப் ஆனதும் கண்ணு ரோட்ட விட்டுட்டு டிஸ்ப்ளேல இருக்குற ட்ரான்ஸ்மிஷன் ஆயில் டெம்பரேச்சர் மேல போயிடுது. டயர் 20 இன்ச் ரன்-ஃப்ளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்), விலை கேட்டா நெஞ்சு அடைக்கும். இந்த கார்ல மூணு ஹார்ட் லேப், ஒரு கூல்டவுன் லேப்னு ஓட்டுனா நாள் பூரா சந்தோஷமா ஓட்டலாம். அந்த ஒழுங்கு இல்லாதவங்க எடுக்க வேண்டாம்.

எம்2 (ஜி87) வேற மாதிரி. 3 லிட்டர் ஸ்ட்ரெயிட் சிக்ஸ், ட்வின் டர்போ, ஆரம்பத்துல வந்ததுல 460 பிஎஸ், பின் சீட் இருக்கு, பூட் இருக்கு, வீட்டுல இருந்து ஏசி போட்டு பாட்டு கேட்டுட்டே ட்ராக்குக்கு வந்து, ஓட்டிட்டு அதே கார்ல குடும்பத்தோட சாப்பிடவும் போகலாம். ட்ராக்‌ஷன் கன்ட்ரோல பத்து ஸ்டெப்பா மாத்திக்கலாம், கத்துக்கறவங்களுக்கு இது உண்மையிலயே பெரிய உதவி, ஒவ்வொரு ஸ்டெப்பா கொறச்சுட்டே வந்தா நம்ம கை எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். ஆனா ஆட்டோமேட்டிக் 1,725 கிலோ, சின்ன கார்னு பேரு, வெயிட்ட பாத்தா ஜிடி-ஆர் பக்கத்துல நிக்குது. டர்ன் 9 ஹேர்பின்ல கொஞ்சம் வேகமா நுழைஞ்சா முன்பக்கம் வெளிய தள்ளும். செப்பாங் க்ளாக்வைஸ் ட்ராக், வளைவுல பெரும்பாலானது ரைட், அதனால அடி வாங்குறது முன் இடது டயர். செஷன் முடிஞ்சு குனிஞ்சு பாத்தா அந்த டயரோட வெளி ஓரம் மட்டும் ரப்பர் சுருண்டு சுருண்டு நிக்குது, விரல வெச்சா பொசுக்குது, உள் ஓரம் இன்னும் புதுசு மாதிரி இருக்கு. நெகட்டிவ் கேம்பர் (டயரோட மேல்பக்கம் உள்ள சாயற கோணம்) கொஞ்சம் கூட்டி வெச்சா இது கொறயும்.

இப்போ ஜிடி3. 992 ஜெனரேஷன், 4 லிட்டர், டர்போ இல்ல, 510 பிஎஸ், 9,000 ஆர்பிஎம். பேப்பர்ல ஜிடி-ஆர விட பவர் கம்மி, டார்க்கும் ரொம்ப கம்மி. ஆனா பிடிகே (போர்ஷவோட ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸோட 1,435 கிலோ, முன்னாடி டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு கை பிடிச்சிருக்கற அமைப்பு), இது ரோடு 911ல இந்த ஜிடி3லதான் முதல்ல வந்துச்சு. அது என்ன செய்யுதுன்னு டர்ன் 5, 6ல தெரிஞ்சுது. அந்த ரெண்டும் வேகமான லெஃப்ட்-ரைட், மத்த கார்ல ஸ்டியரிங் திருப்பி ஒரு நொடி காத்திருந்து அப்புறம்தான் கார் சாஞ்சு செட் ஆகும், இதுல திருப்புன உடனே மூக்கு அங்க இருக்கு, பின் விங் காத்த வெச்சு கார கீழ அமுக்கறது சீட் வழியா தெரியுது. டர்ன் 1க்கு நான் பழக்கப்படி சீக்கிரமே பிரேக் அடிக்க, பக்கத்து சீட்ல உக்காந்திருந்த ஓனர் அண்ணன், "தம்பி, இன்னும் உள்ள போ, அது நிக்கும், நீ நம்பு"ன்னாரு. நின்னுச்சு. செஷனோட கடைசி லேப்லயும் பெடல் முதல் லேப்ல இருந்த அதே உயரத்துல, அதே கெட்டியா இருந்துச்சு. நான் நாலு கார்லயும் தேடுனது இதத்தான். கடைசி லேப்ல கூட காருக்கு என்னாச்சோன்னு கவலைப்படாம வளைவ மட்டும் யோசிக்க முடிஞ்சுது.

விலை? அது வேற உலகம். கப் 2 டயர் (மிஷலினோட ட்ராக் டயர்) பின்னாடி 315 மிமீ அகலம், ஒரு செட் காசுல ஜிஆர்86க்கு ரெண்டு மூணு செட் போடலாம்.

ஜிஆர்86 பத்தி பேசறப்போ ஸ்ட்ரெயிட்ட மறந்துடணும். 2.4 லிட்டர், 235 பிஎஸ், பிட் ஸ்ட்ரெயிட்ல எல்லாரும் தாண்டிப் போவாங்க, கண்ணாடிய பாத்து சிக்னல் போட்டு வழி விட்டுட்டே இருக்கணும். ஆனா டர்ன் 1 நீளமான ரைட், இறங்கிட்டே இறுகி இறுகி டர்ன் 2 லெஃப்ட்ல போய் விழும், அங்க இந்த கார் குடுக்கற சந்தோஷம் ஜிடி3க்கு அடுத்தபடின்னு தயங்காம சொல்வேன். த்ராட்டில விட்டா மூக்கு உள்ள வருது, தொட்டா பின்பக்கம் மெதுவா வெளிய வருது, எல்லாம் நமக்கு யோசிக்க டைம் குடுத்து நடக்குது. மேனுவல் கியர், 215 டயர், ஊர்ல எந்த டயர் கடையிலயும் கிடைக்கும்.

அப்படியே எடுத்துட்டு வரக்கூடாது மட்டும். ட்ராக்குக்குன்னு வர்ற பிரேக் பேட் போடுங்க, பிரேக் ஃப்ளூயிட் மாத்துங்க. சாதா டாட் 4 ஃப்ளூயிட் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்ங்கறது ஸ்டாண்டர்டு, ஈரம் இழுத்துட்டா 155 வரை இறங்கலாம், நம்ம ஊர் ஈரக்காத்துல அது சீக்கிரமே நடக்கும். மோட்டுல் ஆர்பிஎஃப் 660 மாதிரி ரேஸ் ஃப்ளூயிட் 325 வரை போகும். நீளமான ரைட் வளைவுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பிரஷர் இறங்குதுன்னு இந்த கார் ஓனர்ஸ் மத்தில பேச்சு இருக்கு, ஸ்லிக் (பள்ளமில்லாத ரேஸ் டயர்) மாதிரி பிடிக்கற டயர் போடறவங்க பேஃபிளும் (ஆயில் ஒதுங்காம தடுக்கற தட்டு) ஆயில் கூலரும் சேத்து போடறது நல்லது, சாதா டயர்ல ஓட்டறவங்க ஆயில் லெவல ஒவ்வொரு செஷனுக்கும் பாத்தா போதும்னு நான் நினைக்கறேன். எந்த காரா இருந்தாலும் பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க, சூட்டுல பிரேக் ஒட்டிக்க வாய்ப்பு உண்டு.

மழை வந்தா இந்த வரிசை எல்லாம் மாறிடும், செப்பாங்ல மதியத்துக்கு மேல மழை சகஜம். ஜிடி3ல கப் 2 டயரோட தண்ணி தேங்குன இடத்துல போறது எனக்கு சரிப்படல, ரெண்டே லேப்ல பிட்டுக்கு கொண்டு வந்துட்டேன். அந்த நேரத்துல ஜிடி-ஆர் ஒண்ணுதான் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடிட்டு இருந்துச்சு. மழைக்காலத்துல மட்டும்தான் ஸ்லாட் கிடைக்குதுன்னா என் ஓட்டு அதுக்குத்தான்.

கடைசியா, இதுல எந்த கார எடுத்துட்டு போனாலும் உங்க சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ட்ராக்ல செல்லாது, கார்ட்ரெயில்ல இடிச்சா அதுக்கும் பில் உங்களுக்குத்தான் வரும். ஃபார்ம்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த ரேட் என்னன்னு கவுண்டர்ல கேட்டுட்டு போடுங்க.