சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? காந்திபுரத்தில் இந்தக் கடைக்குக் கொண்டு போங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், சம்பளம், டெஸ்பாட்ச் எல்லாமே ஆபீஸ் மூலையில் இருக்கும் ஒரே டவர் சர்வரில்தான் ஓடுகின்றன. அது திடீர் திடீரென்று அணைந்து தானாகவே மறுபடி கிளம்ப ஆரம்பித்தது. நீலத் திரை வராது, எந்தச் செய்தியும் வராது. வாசலில் லாரி நிற்கும், இன்வாய்ஸ் பாதி போட்டிருப்போம், எல்லார் சிஸ்டத்திலும் டாலி ஒரே நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் டேட்டாவை ரீரைட் செய்து, எந்த வவுச்சர் ஏறியது, எது ஏறவில்லை என்று உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஆபீஸ் பிள்ளைகள் அழாத குறைதான்.

ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்தவர்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டார்கள். ராம் மெமரியை மாற்றினார்கள். கடைசியில் மதர்போர்டு போய்விட்டது, புது சர்வர் வாங்கிவிடுங்கள் என்று கொட்டேஷன் அனுப்பினார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நேரத்தில்தான் தெரிந்த ஒருவர் கோவையில் உள்ள இந்தக் கடையைச் சொன்னார்.

போனிலேயே வித்தியாசம் தெரிந்தது. "அக்கா, அது விழுகுற நேரத்தையெல்லாம் ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. அப்ப பக்கத்துல என்ன மிஷின் ஓடுச்சுன்னும் எழுதுங்க. வரும்போது யூபிஎஸ்ஸையும் சேத்துக் கொண்டாந்துருங்க" என்றார் கடைக்காரர். சர்வரைப் பார்க்க யூபிஎஸ் எதற்கு என்று எங்கள் டிரைவருக்கே சந்தேகம். ஆனால் விஷயம் அங்கேதான் இருந்தது.

கடையில் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தார். ஒவ்வொரு முறை விழுந்தபோதும் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருந்தது. இது காரணத்தைச் சொல்லாது, ஒழுங்காக மூடாமல் அணைந்தது என்று மட்டும்தான் சொல்லும் என்று விளக்கினார். அதற்குள்ளே போய் பக்செக் கோடு என்ற வரியைக் காட்டினார். எல்லாவற்றிலும் 0. விண்டோஸ் தானாக நொடித்து விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஓர் எண் இருக்கும், விழுந்த நேரத்து விவரங்களைச் சேமிக்கும் மினிடம்ப் ஃபைலும் இருக்கும். அப்டேட்டோ ஒரு புரோகிராமோ ரீஸ்டார்ட் செய்திருந்தால் 1074 என்று பதிவு விழுந்திருக்கும். இரண்டும் இல்லை. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்ட், இல்லையென்றால் சூடு. ப்ராசஸர் சூடு சரியாகவே இருந்தது.

என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் ஷெட்டில் கம்ப்ரசர் கிளம்பும் நேரங்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த ஒரு கணம் வோல்டேஜ் இறங்கும், உடனே யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்.

சர்வரை எங்கள் யூபிஎஸ்ஸிலேயே மாட்டி, சுவரில் இருந்த யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மனசு விட்டுப்போனது. அவர் சும்மா இருக்கவில்லை, ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டு மறுபடி பிடுங்கினார். சர்வர் அணைந்து கிளம்பியது! சர்வருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, கடையில் இருந்த புதியதை மாட்டி அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். அசையவே இல்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பதற்கு முன், உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், வீட்டில் யாரும் திறக்கக் கூடாது என்று எச்சரித்தார். அதை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, கழற்றி மீட்டரில் வைத்தார். மேலே 470 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் அதில் பாதிகூட வரவில்லை. "குழாய்ல தண்ணி நின்னாலும் மொட்டமாடித் தொட்டில இருக்கிற வரைக்கும் வருமல்லங்க்கா, அந்தத் தொட்டிதான் இது. தொட்டி சுருங்கிப்போச்சு" என்றார். கரண்ட் நின்ற பிறகும் நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டுமாம். எங்கள் யூபிஎஸ் மாதிரியானவை பேட்டரிக்கு மாறுவதற்கு பொதுவாக 10 மில்லி விநாடிக்குள் ஆகும். கெபாசிட்டர் தளர்ந்ததால் அதைக்கூடத் தாங்கவில்லை. வோல்டேஜ் சரிந்ததும், கரண்ட் சரியாக இருக்கிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும் பவர் குட் சிக்னல் நின்றுவிடுகிறது, மதர்போர்டு ரீசெட் ஆகிறது. வேலை குறைவாக இருந்தால் தொட்டி மெதுவாகத்தான் காலியாகும், முதல் சோதனையில் தப்பித்தது இதனால்தான்.

செலவு: பரிசோதனைக்கு 750 ரூபாய், புது எஸ்எம்பிஎஸ் 4,200 ரூபாய். கேட்காமலேயே ஜிஎஸ்டி பில் கொடுத்தார்கள். ஏஎம்சிக்காரர்கள் கழற்றிய பழைய ராமையும் கொண்டுபோயிருந்தேன். அதை மெம்டெஸ்ட் என்ற மெமரி சோதனை புரோகிராமில் இரவு முழுக்க ஓடவிட்டு, ஒரு பிழையும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கிப் போடாதீர்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். விற்கப் பார்க்கும் கடை இதைச் செய்யாது. அதற்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன்.

குறை என்றால், கடை மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. பேட்டரியோடு யூபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கஷ்டம், கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். மதியம் 2 மணிக்கு மேல் ரொம்ப நேரம் போன் எடுக்க மாட்டார்கள், காலையிலேயே கூப்பிட்டுவிடுங்கள். கார் நிறுத்த இடமும் இல்லை.

இப்போது கம்ப்ரசர் கிளம்பினால் யூபிஎஸ் ஒரு தடவை கீச்சிடுகிறது, டாலி அது பாட்டுக்கு ஓடுகிறது. யூபிஎஸ் பேட்டரியும் வயதாகிவிட்டது, தீபாவளிக்குள் மாற்றச் சொல்லியிருக்கிறார். அதையும் இவர்களிடமே கொடுக்கப் போகிறேன்.