கார்னேஷனா, சைனா பிங்கா, ஸ்வீட் வில்லியமா? தொட்டிக்கு எது, ஜாடிக்கு எது

திருமண வரவேற்பு மேடையில் அடுக்கிய பூக்களில், இதழின் ஓரம் முழுவதும் பல்பல்லாகக் கத்தரித்துவிட்டது போன்ற அடர்த்தியான பூ ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால், அது பெரும்பாலும் கார்னேஷனாகத்தான் இருக்கும். அதை நம் வீட்டுத் தொட்டியிலும் வளர்க்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, அதன் நெருங்கிய உறவுகளான சைனா பிங்கையும் ஸ்வீட் வில்லியமையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு விடை சொல்வதே நியாயம்.

மூன்றும் டயாந்தஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அந்தக் கிரேக்கப் பெயருக்குத் தெய்வ மலர் என்று பொருள். இவை உறவுக்காரர்கள் என்பதைப் பூவைவிடத் தண்டே தெளிவாகச் சொல்லும். தண்டில் இடைவெளி விட்டு விட்டுக் கணுக்கள் விரல் முட்டியைப் போலப் புடைத்திருக்கும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். வேறுபாடு இலையில் தொடங்குகிறது. கார்னேஷனின் ஒடுங்கிய இலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள்: நீலச் சாம்பல் நிறம் தேய்ந்துபோய் அடியிலிருக்கும் பச்சை தெரியும், ஏனென்றால் அந்த நிறம் இலையின் மேல் படிந்த மெழுகினால் வருவது. ஸ்வீட் வில்லியத்தின் இலை அகலமானது, நல்ல பச்சை நிறமுடையது. அதைத் தேய்த்தால் இப்படி எதுவும் உரிந்து வராது.

பூவுக்கு வருவோம். மத்தியதரைக் கடல் பகுதியைச் சேர்ந்த காட்டுக் கார்னேஷனுக்கு ஐந்தே இதழ்கள். தோட்டக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக இதழ் மிகுந்த செடிகளையே தேர்ந்து வளர்த்து வந்ததால், இன்றைய பூவில் பல பத்து இதழ்கள் ஒரு குறுகிய பச்சைக் குழாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. சில நேரம் அந்த நெருக்கடியில் குழாயே வெடித்துவிடும் என்பதால், வணிகத்துக்கு வளர்ப்போர் மொக்கைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டுவதுண்டு. வடசீனாவையும் கொரியாவையும் தாயகமாகக் கொண்ட சைனா பிங்க், பெரும்பாலும் அந்தப் பழைய ஐந்து இதழ்க் கணக்கிலேயே இருக்கிறது. தட்டையாக விரியும் பூவின் நடுவில் அடர்நிற வளையம் ஒன்று கண் போலத் தெரியும். ஐரோப்பிய மலைகளிலிருந்து வந்த ஸ்வீட் வில்லியமோ, சின்னஞ்சிறு பூக்களைக் கொத்தாகச் சேர்த்துத் தானே ஒரு பூச்செண்டாகிவிடுகிறது. அந்தக் கொத்தில் முடி போன்ற செதில்கள் நீட்டிக்கொண்டிருக்கும். தாடியுள்ளது என்ற பொருளில் லத்தீனில் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்த உறவை ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். 1717 வாக்கில், லண்டன் தோட்டக்காரர் தாமஸ் ஃபேர்சைல்டு, ஸ்வீட் வில்லியத்தின் மகரந்தத்தைக் கார்னேஷன் பூவில் சேர்த்து, இரண்டின் சாயலும் கலந்த செடியொன்றை உண்டாக்கினார். மனிதர் திட்டமிட்டு உருவாக்கிய முதல் கலப்பினச் செடியாக அது கருதப்படுகிறது. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதை குட்டி போடாதது போல அதுவும் விதை வைக்கவில்லை; ஆகவே ஃபேர்சைல்டின் கோவேறு கழுதை என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

மணத்தில் கார்னேஷனுக்கே முதலிடம். கிராம்புக்கு வாசம் தரும் யூஜெனால் என்னும் பொருளே இதிலும் இருக்கிறது. ஆனால் கடைக்கென்று வளர்க்கும் பல வகைகளில் அழகைக் கூட்டப் போய் மணத்தைக் கோட்டை விட்டிருக்கிறார்கள் என்பது என் மனக்குறை. சைனா பிங்கில் மணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜாடியில் வைப்பதற்கும் கார்னேஷனை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. தண்ணீரை மாற்றி வந்தால் இரண்டு வாரம்வரை வாடாமல் நிற்கும். வெள்ளைப் பூவின் காம்பை இரு கணுக்களுக்கு இடையில் சாய்வாக நறுக்கி, நீல மை கலந்த நீரில் வைத்தால், மறுநாள் இதழ் ஓரங்களில் நீலம் ஏறியிருப்பதைக் காணலாம். தண்டுக்குள் நீர் மேலேறும் வழியை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பழுத்த வாழைப்பழத்தை மட்டும் அருகில் வைக்காதீர்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பட்டால் இதழ்கள் உட்புறமாகச் சுருண்டு தூங்கி வழியும்.

தொட்டி என்று வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிறது. கார்னேஷனுக்குக் குளிர்ந்த காற்று வேண்டும். அதனால்தான் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பசுமைக்குடிலுக்குள் அதை வளர்க்கிறார்கள். நெடிய தண்டு சாயாதிருக்க அடுக்கடுக்காக வலை கட்ட வேண்டும். ஒரே பெரிய பூ வேண்டுமென்றால் பக்க மொக்குகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்வீட் வில்லியத்தின் பழைய வகைகள் முதலாண்டு முழுவதும் இலையை மட்டும் காட்டிவிட்டு, குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே பூக்கும். அவ்வளவு நாள் காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. சமவெளியில் இருப்பவர்கள் சைனா பிங்கையே வாங்குங்கள். நர்சரியில் டயாந்தஸ் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். மழை ஓய்ந்ததும் விதைத்தால் பத்து நாளுக்குள் முளைத்துவிடும். ஒரு அடிக்கு மேல் வளராததால் முட்டுக்கொடுக்கும் வேலையும் இல்லை. முதல் சுற்றுப் பூக்கள் வாடியதும் அவற்றைக் காம்போடு நறுக்கிவிட்டால், வெயில் கடுமையாவதற்குள் செடி இன்னொரு முறை பூத்துவிடும்.