திராவகத்துக்கு அசராத குழாய்: டெஃப்லான் ட்யூப், ஒன்றரை வருட உபயோகத்துக்குப் பிறகு

எங்கள் பட்டறை காரைக்குடியில், வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி நகை) வேலையும் பழைய நகை அழித்துச் செய்வதும்தான் தொழில். பழைய தங்கத்தைச் சுத்தம் பண்ண, தங்கம் கால் பங்காக வரும்படி வெள்ளி சேர்த்து உருக்கி, வெடியுப்புத் திராவகத்தில் (நைட்ரிக் அமிலம்) காய்ச்சுவோம். வெள்ளியும் செம்பும் கரைந்துபோகும். தங்கம் பழுப்புப் பொடியாக அடியில் தங்கும். மேலே நிற்கும் நீரை வடிப்பதுதான் பயமான வேலை. அப்பா பாத்திரத்தைக் கையால் சாய்த்தே வடிப்பார். வெள்ளி கரைந்த நீர் பட்டுப் பட்டு அவர் விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும்.

நான் கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூபை வைத்து வடித்துப் பார்த்தேன். சில வாரத்தில் மஞ்சளாகி விறைத்தது. ஒருநாள் வளைவில் வெடித்து, நீர் ஆத்தங்குடிக் கல் தரையில் கொட்டியது. சிமெண்ட் நுரைத்துப் பொங்கியது. தாத்தா காலத்துச் சிவப்புப் பூ ஒன்று அரித்துக் கறுத்து, இன்றும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "டெஃப்லான் ட்யூப் வாங்கு தம்பி, தங்கத்தையே கரைக்கிற ராஜ திராவகமே அதை ஒன்றும் பண்ணாது" என்றார். கரிமச் சங்கிலியைச் சுற்றி ஃப்ளோரின் அணுக்கள் கவசம் மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கின்றனவாம். உள்விட்டம் 6, வெளிவிட்டம் 8 மில்லிமீட்டரில் மூன்று மீட்டர் வாங்கினேன். வந்ததும் ஒரு அங்குலம் வெட்டி, திராவகத்தில் ஒரு ராத்திரி போட்டுவைத்தேன். காலையில் நிறம்கூட மாறவில்லை. நைலான் ட்யூபை டெஃப்லான் என்று தள்ளிவிட்டிருந்தால் கரைந்தே போயிருக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது அதன் வழுவழுப்பு. வடித்து முடித்ததும் உள்ளே நிற்கும் துளிகள் சுவரில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும், வெள்ளி ஒரு பொட்டு வீணாகாது. வடிப்பைத் தொடங்க வாயால் உறிஞ்சவே கூடாது. ட்யூபில் முதலில் தண்ணீர் நிரப்பி, கையுறை போட்ட விரலால் இரு முனையையும் அடைத்து இறக்குகிறேன்.

குறையும் உண்டு. ரப்பர் மாதிரி வளையாது. அழுத்தி மடக்கினால் மடிப்பு விழும், பிறகு அந்த இடம் நேராகாது. ஒரு துண்டை அப்படித்தான் இழந்தேன். பசை எதுவும் ஒட்டாது. கிளிப் போட்டு இறுக்கினாலும் நாள் பட பிளாஸ்டிக் மெல்ல விலகிக் கொடுத்து, பிடி தளரும். மாதம் ஒருமுறை இறுக்க வேண்டும். பால் நிறம் என்பதால் உள்ளே ஓடுவது மங்கலாகத்தான் தெரியும். கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டுமென்றால் எஃப்இபி என்ற, இதே இனத்துப் பிளாஸ்டிக் வகை வாங்கலாம், ஆனால் அது 200 டிகிரி செல்சியஸ் வரைதான். இது 260 வரை தாங்கும்.

அதற்காக நகை உருக்குகிற தீ டார்ச் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தீயில் பட்டால் வரும் புகை நஞ்சு, கூண்டுப் பறவைகள் அதிலேயே செத்துவிடும். வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு கொளுத்துவதும் கூடாது.

விலை மட்ட ட்யூபைவிடப் பல மடங்குதான். ஆனால் ஒன்றரை வருடமாக அதே குழாய்தான் ஓடுகிறது. அப்பாவின் விரல்கள் இப்போது வெளுத்துவிட்டன. அடுத்து, திராவகப் புகையை, அமிலத்தை முறிக்கிற காரத் தண்ணீருக்குள் இறக்க இதிலேயே பெரிய அளவாக இரண்டு மீட்டர் சொல்லியிருக்கிறேன்.