புனலூர்ச் சாலையும் என் பிடரியும்: நான்கு ஆண்டுச் சைக்கிள் அனுபவம்

செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் சென்று திரும்பினால் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆகும். மழை வலுத்த வாரங்கள் நீங்கலாக, நான்கு ஆண்டுகளாகப் பெரும்பாலான ஞாயிறுகளில் இந்தப் பாதையில் ரோடு சைக்கிள் ஓட்டி வருகிறேன். முதல் ஆண்டில் கால்களைவிடக் கழுத்துதான் என்னைப் படுத்தியது. திரும்பும்போது புளியரை எஸ் வளைவில், எதிரே ஏறி வரும் லாரியைப் பார்க்கத் தலையை நிமிர்த்த முடியாமல் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புனலூரில் வாங்கிய முறிவெண்ணெய் என்ற மூலிகைத் தைலத்தைத் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் செவ்வாய்க்குள் பிடிப்பு விடும். அடுத்த ஞாயிறு அதே இடத்தில் மீண்டும் பிடிக்கும். கோளாறு கழுத்தில் இல்லை, வண்டியில் இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகவே உறைத்தது. முதுகு முன்னால் சாயச் சாய, சாலையைப் பார்ப்பதற்காகத் தலை பின்னோக்கி மடங்குகிறது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள அந்தத் தலையையும் அதன்மேல் ஹெல்மெட்டையும் பிடரித் தசைகள் மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியிருக்கிறது. 1983இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் சைக்கிள் வீரர் மைக்கேல் ஷெர்மருக்கு அத்தசைகள் அறவே சோர்ந்து தலை நிற்காமல் போனது. அந்நிலை இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

என் வண்டியில் சீட்டைவிட ஹேண்டில்பார் 8 செ.மீ. தாழ்ந்திருந்தது. பந்தய வண்டி இப்படித்தான் இருக்கும் என்று விற்றவர் சொன்னதை நானும் நம்பியிருந்தேன். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி, அதற்கு மேலே சும்மா கிடந்த வளையங்களை அதற்குக் கீழே மாற்றிப் போட்டதில் 3 செ.மீ. உயர்ந்தது, ஆறு மாதம் கழித்து 110 மி.மீ. நீள ஸ்டெம்முக்குப் பதிலாக 90 மி.மீ. போட்டதும் முழங்கை தானாக மடங்கத் தொடங்கியது. இடையில் சீட்டின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்த்தது வீண்வேலை. உடல் முன்னால் வழுக்கி, பாரம் முழுவதும் உள்ளங்கையில் இறங்கித் தோள்பட்டை கல்லாயிற்று.

செலவே இல்லாமல் அதிகப் பலன் தந்தது ஹெல்மெட்டின் முன்விளிம்பைக் கழற்றியதுதான். குனிந்த நிலையில் அது சாலையை மறைப்பதால், அதற்குக் கீழே பார்க்க மோவாயை இன்னும் தூக்கிக்கொண்டிருந்தேன். மூக்கில் சரிந்த கண்ணாடியும் இதே வேலையைச் செய்தது. அதற்கு ஒரு கயிறு போதுமானதாக இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இடமிருந்ததால் 25 மி.மீ. அகல டயரை 32 ஆக்கி, காற்றையும் 65 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்த பிறகு குண்டுகுழிகளின் அதிர்ச்சி பிடரிவரை ஏறுவதில்லை.

இவற்றோடு, கால் மணிக்கு ஒருமுறை ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் இடத்தை மாற்றுகிறேன். கழுதுருட்டியிலுள்ள பதிமூன்று கண் ரயில் பாலத்தருகே இறங்கி, மோவாயைத் தொண்டைப் பக்கமாக உள்ளிழுத்துப் பத்து முறை நிறுத்தித் தளர்த்துகிறேன். வீட்டிலும் இதையே தினமும் செய்கிறேன்.

சென்ற ஆண்டு 200 கிலோமீட்டர் ஓட்டியபோது, கடைசி 40இல் மட்டும் இடப்பக்கம் இலேசாக இறுகியது. பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்க வலப்பக்கமே திரும்புவதால் இருக்கலாம் என்று கருதி ஹேண்டில்பார் நுனியில் கண்ணாடி ஒன்று மாட்டினேன். இறுக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் கழுதுருட்டிக் குழிகளில் இதுவரை இரண்டு கண்ணாடிகள் கழன்று விழுந்துவிட்டன, மூன்றாவதைப் பழைய டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டியிருக்கிறேன்.